நெரிக்காத ஆறு தோட்டாக்கள்

நான் வேலை பார்த்த துப்பாக்கிக் கடையின் பின்கட்டில் தோட்டா அடைக்கும் மேஜை ஒன்று கிடந்தது. அதை எடுத்துவிட்டுக் கண்ணாடி அலமாரி வைக்கப்போகிறார்களாம். இப்போது அங்கே வேலை பார்க்கும் செல்வம் என்னைத் தேடி வந்து, “அண்ணாச்சி, உங்களுக்கு வருத்தமா இருக்கும்ல?” என்று இழுத்தான். “எனக்கு என்னப்பா வருத்தம்? விறகுக்குப் போடுங்க” என்றேன். பையன் முகம் சுருங்கிப்போனது. நான் கண் கலங்குவேன் என்று நினைத்து வந்திருப்பான் போல.

போகும்போது இன்னொன்று கேட்டான். “பெட்டியில சீல் வச்சு வர்ற தோட்டாவக்கூட நீங்க ஒவ்வொண்ணா எடுத்து, மூக்கை மேஜையில ஊனி, பெருவிரலால அமுக்கிப் பாப்பீங்கன்னு சொல்றாக. அது எதுக்கு அண்ணாச்சி?” அப்போது பதில் சொல்லாமல் அனுப்பிவிட்டேன். நாலு நாளாக அது மண்டையைக் குடைகிறது. எழுதித் தொலைத்தால் தீரும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் அருப்புக்கோட்டை நெசவுக் குடும்பம். வீட்டுக்குள் தெலுங்கு, வாசல் தாண்டினால் தமிழ். தறிக்குழியில் காலை விட்டுக்கொண்டு ஆயுசுக்கும் உட்கார எனக்குப் பொறுமை கிடையாது. அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு எங்கள் ஊர்த் துப்பாக்கிக் கடைக்கு வேலைக்குப் போனேன். முதல் மூன்று வருஷம் துப்பாக்கிக் குழாய்க்குள் துணியை விட்டு இழுத்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். அதற்குள் யுத்தம் வந்துவிட்டது. சீமையிலிருந்து தோட்டாப் பெட்டி வருவது நின்றது. லைசென்ஸ் வைத்திருந்தவர்கள் எல்லாம் சுட்ட தோட்டாக் கூடுகளைத் திரும்ப அடைத்துத் தரச் சொல்லிப் பையில் கட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். அப்போதுதான் என்னை அந்த மேஜைக்கு மாற்றினார்கள். எனக்கு இருபத்து நாலு வயது. கல்யாணமாகி ஒரு வருஷம்.

மேஜைக்கு அதிகாரி சவரிமுத்து மேஸ்திரி. முந்தின யுத்தத்தில் பட்டாளத்தோடு போய்த் துப்பாக்கி பழுது பார்த்தவர். பீரங்கிச் சத்தத்தில் இரண்டு காதும் முக்கால்வாசி போய்விட்டது. நாம் பேசினால் வாயைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வார். அவரிடம் எதைச் சொல்வதானாலும் நேருக்கு நேர் நின்று முகத்தைக் காட்டித்தான் சொல்ல வேண்டும். முதுகைக் காட்டிக்கொண்டு முணுமுணுக்க முடியாது, தரையைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல முடியாது. முகவாயைத் தொட்டு நிமிர்த்திவிடுவார். “எனக்கு முன்னால நின்னு சொல்லு.” திட்ட மாட்டார், கை ஓங்க மாட்டார். ஆனால் அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றால் கேட்காததையும் சேர்த்துச் சொல்லிவிடுவேன்.

வேலை இப்படி. சுட்ட பித்தளைக் கூட்டை அளவுக்கட்டையில் வைத்து எல்லாம் ஒரே உயரமாக அராவுவோம். தண்ணீர்த் தட்டில் நிற்கவைத்து வாயை மட்டும் தீயில் காட்டி இளக்குவோம். கூட்டின் அடியில் நெருப்புப் பொறி போடும் பழைய ‘கேப்’பைத் தட்டிவிட்டுப் புதுசு வைத்து, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, மேலே குண்டை உட்கார வைப்போம். குண்டின் இடுப்பைச் சுற்றி மெல்லிய பள்ளம் ஒன்று ஓடும். கடைசி வேலை அதில்தான். பாக்குவெட்டி மாதிரி ஒரு கருவி உண்டு, கடையில் அதற்கு ‘இடுக்கி’ என்று பெயர். கூட்டின் வாயை அதற்குள் வைத்து ஒரு அமுக்கு அமுக்கினால் பித்தளை விளிம்பு உள்பக்கமாக மடிந்து அந்தப் பள்ளத்தில் விழுந்து குண்டைப் பிடித்துக்கொள்ளும். இதைத்தான் வாய் நெரிப்பது என்போம். கூடுதலாக அமுக்கினால் கூடு தொந்தி போட்டுவிடும், துப்பாக்கிக்குள் ஏறாது. குறைவாக அமுக்கினால் பிடிக்காது. மடிகிற விளிம்பு என்னவோ நகத்தின் கனம்தான்.

சின்னத் துப்பாக்கிக்கு இது இல்லாமலும் ஓடிவிடும். பெரிய துப்பாக்கிக்கு ஓடாது. மலையில் எஸ்டேட் வைத்திருந்த ஒரு துரை ஊருக்குத் திரும்பும்போது காட்டெருமைத் துப்பாக்கி ஒன்றை விற்றுவிட்டுப் போனார். திருச்சுழிக்குக் கிழக்கே குண்டாற்றங்கரை ஊரில் இருந்த ராமானுஜ ரெட்டியார் அதை வாங்கி வைத்திருந்தார். சுட்டால் கழுதை உதைப்பது மாதிரி உதைக்கும். ஒரு தோட்டா வெடிக்கும்போது, அடிப்பெட்டியில் அடுத்த முறைக்குக் காத்திருக்கும் தோட்டாக்கள் முன்சுவரில் போய் மோதும். வாய் நெரித்திருந்தால் ஒன்றும் ஆகாது. நெரிக்காவிட்டால் மோதுகிற மோதலில் குண்டு கூட்டுக்குள் இறங்கிவிடும். தோட்டா குட்டையாகிக் குறுக்கே சிக்கிக்கொள்ளும். தப்பித்தவறி ஏறிவிட்டால் அதைவிட மோசம், உள்ளே நெருக்கம் தாங்காமல் சுடுகிறவன் முகத்திலேயே வெடிக்கலாம். ஆக முதல் வெடி எப்போதும் சரியாகத்தான் வெடிக்கும். இரண்டாவதில்தான் எங்கள் வேலை தெரியும்.

அதனால் மேஸ்திரி ஒரு சட்டம் வைத்திருந்தார். மேஜையில் துளை போட்ட பலகை இருக்கும். நெரிக்காத தோட்டா அதில் மூக்கு மேலே பார்த்து நிற்க வேண்டும். நெரித்து, மேஜையில் ஊன்றிப் பெருவிரலால் அமுக்கிப் பார்த்த பிறகு தலைகீழாக நிற்க வேண்டும். பலகையை விட்டு எடுத்தால் முதலாளி கைக்குத்தான் போக வேண்டும், நடுவில் வேறெங்கும் வைக்கக் கூடாது. இந்த ஒரு சட்டத்தைத்தான் நான் மீறினேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முதல் நாள் ரெட்டியார் ஊரிலிருந்து ஆள் வந்தான். கடலைக் காட்டில் பன்றி இறங்கி அழிக்கிறது, நாட்டுத் துப்பாக்கியில் அடிபட்ட ஒற்றைப் பன்றி ஒன்று வெறி பிடித்துத் திரிகிறது, இரண்டு பேரைக் கிழித்துவிட்டது, பத்துத் தோட்டா அவசரமாக வேண்டும் என்றான். பூஜையன்று காலையில் பத்துக் கூட்டிலும் குண்டு உட்கார வைத்துவிட்டு நெரிக்க ஆரம்பித்தேன். நாலு முடித்திருப்பேன். முதலாளி குமாரசாமி முன்கட்டிலிருந்து சத்தம் போட்டார். “ரங்கா! நல்ல நேரம் போவுதுப்பா, இடுக்கியக் கொண்டா!”

பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் மறுபூஜை முடியாமல் தொடக்கூடாது. எங்கள் வீட்டில் தறி நாடாவைக்கூட அன்றைக்குத் தொட மாட்டார்கள். மேஸ்திரி வேதக்காரர், கிறிஸ்தவர், ஆனாலும் அந்த வழக்கத்துக்கு ஒருநாளும் குறுக்கே வந்ததில்லை. சட்டையை மாட்டிக்கொண்டே பலகையைக் காட்டி, “ஆறும் நிக்கட்டும். நாளைக்கு வந்து நெரி” என்றார். போய்விட்டார்.

நான் இடுக்கியைக் கழுவிப் பொட்டு வைத்துத் தட்டில் வைத்தேன். முதலாளி பார்த்துவிட்டு, “தட்டு வெறிச்சின்னு இருக்கே. அந்தத் தோட்டாவையும் வையப்பா, பாக்க லட்சணமா இருக்கும்” என்றார். அட, சொன்னவர் சொன்னார், எனக்கு அறிவு எங்கே போனது? பத்தையும் எடுத்தேன். பித்தளைத் தாம்பாளத்தில் வட்டமாக நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, நடுவில் செவ்வந்திப் பூவை வைத்தேன். நெரித்தது, நெரிக்காதது எல்லாம் ஒன்றாக மூக்கு மேலே பார்த்து நின்றன. அழகாகத்தான் இருந்தது. காலையில் நான்தானே முதலில் வரப்போகிறேன் என்று வீட்டுக்குப் போய்ச் சுண்டல் தின்றேன்.

மறுநாள் விஜயதசமி. பத்து மணிக்குக் கடைக்குள் நுழைகிறேன், தாம்பாளத்தில் பூ மட்டும் கிடக்கிறது. முதலாளி முகமெல்லாம் சிரிப்பு. “மறுபூஜைய விடியக்காலமே முடிச்சிட்டேன்பா. ரெட்டியார் ஆளு எட்டு மணிக்கே வந்துட்டான். பூஜையில வச்ச தோட்டா, ராசியானது, பத்தையும் தொடச்சு நானே குடுத்தனுப்பிட்டேன்.”

மேலே கேட்க நிற்காமல் பின்கட்டுக்கு ஓடினேன். மேஸ்திரி அப்போதுதான் வந்து காலிப் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி என் உதட்டைப் பார்த்தார். “நெரிச்சது நாலு. நெரிக்காதது ஆறு. கலந்து போயிருச்சு, மேஸ்திரி” என்றேன். சத்தம் வந்ததோ இல்லையோ, அவருக்கு விளங்கிவிட்டது.

“சைக்கிள எடு” என்றார். அவ்வளவுதான்.

இடுக்கியை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு கிளம்பினேன். திருச்சுழி பத்து மைலுக்கு மேல். எதிர்க்காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. ஒன்றே ஒன்றுதான் மனசில் ஓடியது. ஒரே வெடியில் பன்றி விழுந்துவிட வேண்டும், ரெட்டியார் இரண்டாவது சுடக்கூடாது. பாதி வழியில் பஸ்ஸு நின்றுகொண்டிருந்தது. பெட்ரோல் இல்லாமல் கரியைப் போட்டு ஓட்டிய காலம். கண்டக்டர் பின்னால் நின்று ஊதுசக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். எனக்கு உயிர் வந்தது. அந்த ஆள் இதில்தான் இருப்பான்! சைக்கிளைப் போட்டுவிட்டு ஜன்னல் ஜன்னலாகப் பார்த்தேன்.

“மஞ்சப்பையோட ரெட்டியார் பண்ணை ஆளு ஒருத்தன் இருந்தானே?”

“அவனா? பஸ்ஸு நின்னதுமே எறங்கிட்டானே. அவசரம்னு ஒரு கூண்டு வண்டிய மறிச்சு ஏறிட்டான். அது ஆச்சே ஒரு மணி நேரம்!” என்றார் கண்டக்டர்.

திருச்சுழி தாண்டியதும் வேலமுள் ஏறி முன்சக்கரம் காற்று இறங்கிவிட்டது. சைக்கிளை ஒரு பனையில் சாத்திவிட்டு ஓடினேன். ஊருக்குள் ஆம்பளை ஒருத்தரும் இல்லை. கிணற்றடியில் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்த அம்மா, “எல்லாரும் ஆத்துப் பக்கம்ல போயிருக்காக. பன்னி பொதருக்குள்ள கெடக்காம்” என்றாள். ஆற்றுப் பக்கம் திரும்பினேன். மணல் தெரிகிற இடத்துக்கு வந்திருப்பேன். முதல் வெடி கேட்டது.

நின்றுவிட்டேன். மேலே ஓடத் தோன்றவில்லை. இரண்டாவது சத்தம் வருகிறதா என்று காதை வைத்துக்கொண்டு நின்றேன். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பயந்திருக்கிறேன், அந்த மாதிரி ஒருபோதும் இல்லை. வெடி வரவில்லை. விழுந்துவிட்டது, ஒரே அடியில் விழுந்துவிட்டது என்று வாய்விட்டுச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் மனுஷர் அலறுகிற சத்தம் கேட்டது.

போய்ப் பார்த்தபோது பன்றி இருபது அடி தள்ளிச் செத்துக் கிடந்தது. முதல் குண்டு பட்டும் சாகாமல் பாய்ந்து வந்து, வேலையை முடித்துவிட்டுத்தான் விழுந்திருக்கிறது. மணலில் மாடக்கண்ணு மல்லாந்து கிடந்தார். ரெட்டியார் பண்ணையில் வேலை பார்த்தவர், புதர் கலைக்கப் போனவர். முழங்காலிலிருந்து தொடை வரைக்கும் கிழிந்திருந்தது. தலைத்துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ரெட்டியார் பக்கத்தில் மண்டியிட்டிருந்தார். துப்பாக்கி மணலில் கிடந்தது. அடுத்த தோட்டாவை ஏற்ற இழுக்கும் போல்ட் பாதியில் நின்றதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

“கை பதறிப்போச்சேடா மாடக்கண்ணு” என்று அழுதார் ரெட்டியார். “ரெண்டாவது வெடி போட நேரம் இருந்துச்சே! போல்ட்ட ஒழுங்கா இழுக்கத் தெரியாத பாவி ஆயிட்டேனே!”

அவர் கையில் ஒரு குற்றமும் இல்லை. நான் குனிந்து துப்பாக்கியை எடுத்தேன். குறுக்கே சிக்கியிருந்த தோட்டாவை நெம்பி எடுத்தேன். குண்டு பாதிக்கு மேல் கூட்டுக்குள் இறங்கிப்போயிருந்தது. பெட்டியில் மிச்சமிருந்த இரண்டில் ஒன்று நெரித்தது, நல்லபடியாக இருந்தது. இன்னொன்று குட்டை. மூன்றையும் மடியில் கட்டிக்கொண்டேன். அவர் பையில் இருந்த ஆறையும், ஈரம் பட்டிருக்கும், கொண்டுபோய்ப் பார்க்கிறேன் என்று புளுகி வாங்கிக்கொண்டேன். மாடக்கண்ணுவை வண்டியில் தூக்கிப் போட ஒரு கை கொடுத்தேன். அவர் ரத்தம் என் சட்டையெல்லாம். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை.

மறுநாள் அந்தக் குட்டைத் தோட்டாவை மேஸ்திரி முன்னால் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை.

“ரெட்டியார்ட்ட சொன்னியா?”

“இல்ல, மேஸ்திரி.”

“என்ன சொன்னாக அவுக?”

“தன் கைதான் பதறிப்போச்சுங்கிறாக.”

மேஸ்திரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான் சொல்ல மாட்டேன். முதலாளியும் சொல்ல மாட்டாரு. தட்டுல வச்சது நீ. நீதான் சொல்லணும்.” பிறகு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அன்றைக்குச் சாயங்காலம் முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “நல்ல வேளைப்பா, பழி நம்ம தோட்டா மேல வரல. யுத்த காலம், போலீஸ் காதுக்குப் போனா லைசென்ஸ் போயிரும். கம்முனு இரு” என்று முதுகைத் தட்டினார்.

கம்மென்றுதான் இருந்தேன். எட்டு நாள். சொன்னால் வேலை போகும், கடை போகும், ஜெயிலுக்குக்கூடப் போகலாம். எதுவும் இல்லாவிட்டாலும் அப்பா தறிக்குழியைக் காட்டி, வந்து உட்கார் என்று சொல்லாமல் சொல்வார். சோறு இறங்கவில்லை. என் வீட்டுக்காரி சரசு, “யாரையும் கொன்னுபோட்டு வந்த மாதிரியே இருக்கீங்களே” என்றாள். அவள் விளையாட்டுக்குச் சொன்னாள். நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டேன். மாடக்கண்ணு பிழைத்துக்கொண்டார், கால் மட்டும் இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அதைக் கேள்விப்பட்டபோது, உயிர் இருக்கிறதே, இனி எதற்குச் சொல்ல வேண்டும் என்றுகூட ஒரு எண்ணம் வந்தது. அந்த எண்ணத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

ஒன்பதாம் நாள் ரெட்டியாரே கடைக்கு வந்தார். துப்பாக்கியைக் கம்பளியில் சுற்றிக் கொண்டுவந்து மேஜையில் கிடத்தினார். எட்டு நாளில் ஆள் பாதியாகியிருந்தார்.

“இத யாருக்காச்சும் வித்துருங்க, மேஸ்திரி. இனிமே தொட மாட்டேன். என் கைய என்னாலேயே நம்ப முடியல. மாட்டுக் கயித்தப் பிடிச்சாக்கூட நடுங்குது.”

மேஸ்திரி அவர் உதட்டைப் பார்த்து முழுசையும் கேட்டுக்கொண்டார். பிறகு திரும்பி எனக்கு நேராக நின்றுகொண்டு என் உதட்டைப் பார்த்தார். முன்கட்டிலிருந்து முதலாளி இருமுவது கேட்டது. மேஸ்திரி அசையவே இல்லை. நான் எப்போதாவது பேசித்தானே ஆக வேண்டும் என்பது போல நின்றார்.

இழுப்பறையைத் திறந்து அந்தக் குட்டைத் தோட்டாவை எடுத்தேன். ஏற்கெனவே மருந்தைக் கொட்டிவிட்டுக் குண்டை மட்டும் பழையபடி உட்கார வைத்திருந்தேன். கூடவே ஒழுங்காக நெரித்த வெற்றுத் தோட்டா ஒன்றையும் எடுத்துப் பக்கத்தில் நிறுத்தினேன்.

“உங்க கை பதறலைங்க. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. நான் நெரிக்காம விட்டுட்டேன். பூஜைத் தட்டுல அழகுக்கு வச்சேன், கலந்து போச்சு. அன்னைக்கே தெரியும். சொல்ல பயந்துட்டேன்.”

ரெட்டியார் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். சடாரென்று கையை ஓங்கினார். நான் நகரவில்லை, அடித்துவிட்டால் நல்லது என்றிருந்தது. ஓங்கிய கை அப்படியே நின்றது. அதைத் தன் முகத்துக்கு நேரே கொண்டுவந்து, உள்ளங்கையையும் புறங்கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“எட்டு நாளா அவன் கட்டில்கிட்ட உக்காந்து மன்னிப்புக் கேட்டுக்கிட்டு இருக்கேன்டா” என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “மாடக்கண்ணுட்டச் சொல்லிட்டியா?”

“இல்லைங்க.”

“அவன் காலுடா அது. எங்கிட்ட என்னத்துக்குச் சொல்ற? வா, வண்டி வாசல்ல நிக்குது.”

அவர் முன்னால் உட்கார்ந்து வண்டியை ஓட்டினார், நான் பின்னால் கால் தொங்க உட்கார்ந்து போனேன். மாடக்கண்ணு ஓலைக் குடிசைக்கு வெளியே வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்திருந்தார். கட்டுப் போட்ட காலை ஒரு மரப்பெட்டி மேல் நீட்டி வைத்திருந்தார்கள். எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. ரெட்டியாரிடம் சொன்னதையே இன்னொரு தரம் சொன்னேன். மாடக்கண்ணு முழுசையும் கேட்டார்.

“அந்தத் தோட்டா வச்சிருக்கீகளா, தம்பி?”

இரண்டையும் கொடுத்தேன். நெரிக்காததன் மூக்கைக் கட்டில் சட்டத்தில் ஊன்றிப் பெருவிரலால் அமுக்கினார். குண்டு இன்னும் கொஞ்சம் உள்ளே இறங்கியது. நெரித்ததை ஊன்றி அமுக்கினார். பல்லைக் கடித்துக்கொண்டு உடம்பையே சாய்த்து அமுக்கினார். அது நகரவில்லை. பிறகு மடிந்திருந்த விளிம்பை நகத்தால் தடவிப் பார்த்தார், ஒரு சுற்று, இன்னொரு சுற்று. காலைப் பார்த்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“இம்புட்டுத்தானா?” என்றார்.

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் தலையை ஆட்டினேன். தோட்டாக்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முகத்தைக் குடிசைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். 

போலீசுக்கு யாரும் போகவில்லை. ரெட்டியார் மாடக்கண்ணுவைக் கடைசி வரைக்கும் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். துப்பாக்கியை மட்டும் திரும்பக் கொண்டுபோகவில்லை. முதலாளி என்னோடு ஒரு மாதம் பேசவில்லை, பிறகு பேசினார். மேஸ்திரி மறுநாள் காலையில் பலகையை என் பக்கம் தள்ளி, “ஆரம்பி” என்றார். அதற்கப்புறம் நாற்பது வருஷத்துக்கு மேல் அந்த மேஜையில் உட்கார்ந்தேன். எந்த ஆயுத பூஜைக்கும் தோட்டா தட்டுக்குப் போகவில்லை.

செல்வம், நீ கேட்டதற்கு இதுதான் பதில். பெட்டியில் வந்தாலும் சரி, சீல் வைத்து வந்தாலும் சரி, எனக்கு அமுக்கிப் பார்க்காமல் முடியாது. ஒவ்வொன்றையும் ஊன்றும்போது அவர் கேட்டது காதில் விழும். இம்புட்டுத்தான், மாடக்கண்ணு அண்ணே என்று மனசுக்குள் சொல்லிவிட்டு அடுத்த தோட்டாவை எடுப்பேன்.